அவள் பெயரில் ஓர் ஓட்டு: பெண் வாக்காளர்களுக்கான தொடக்க விளக்கம்

தேர்தல் நேரத்தில் தெருவுக்குள் வரும் கட்சிக்காரர்கள் வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வி, "இந்த வீட்ல எத்தனை ஓட்டு?" என்பதுதான். வீட்டுப் பெரியவர் "அஞ்சு" என்பார். அந்த வீட்டு எண்ணுக்கு நேரே ஐந்து என்று குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். அந்த ஐந்தில் மூன்று பெண்களுடையதாக இருக்கலாம். அடுப்படியில் நிற்கும் அந்த மூன்று பேரிடமும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சட்டத்தில் வீட்டு ஓட்டு என்று ஒன்று கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு, வயது வந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாக்குரிமை தருகிறது. பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கக் கூடாது என்று 325ஆவது பிரிவு சொல்கிறது. 21 ஆக இருந்த வாக்களிக்கும் வயது 1989 முதல் 18 ஆனது.

சமத்துவத்துக்காகப் பெண்கள் வாக்களிக்க வேண்டும் என்று சொல்லும்போது இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொல்கிறோம். ஒரு பெண்ணின் பெயர் அவள் வாழும் இடத்துப் பட்டியலில் இருக்க வேண்டும். அவளே போய், தன் விருப்பப்படி பொத்தானை அழுத்த வேண்டும். இது முதல் காரியம். அந்த விருப்பத்தை முடிவு செய்யும்போது, பெண்களின் கூலி, சொத்து, பாதுகாப்பு, நடமாட்டம் ஆகியவற்றையும் எடைபோட்டுப் பார்ப்பது இரண்டாவது. முதலாவது ஒழுங்காக நடக்காத வீட்டில் இரண்டாவதைப் பேசிப் பயனில்லை. அதனால் இங்கே முதலாவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம்.

பெயரில் தொடங்கிய சிக்கல்

1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அதன் முன்னோடிகள். அதே ஆண்டு சென்னைக்கு வந்த, இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவை சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் சந்தித்து வாக்குரிமை கேட்டார்கள். 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். ஆனால் அந்த உரிமை சொத்துத் தகுதியோடு கட்டப்பட்டிருந்தது. சொத்து பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்த காலத்தில் அது மிகச் சில பெண்களையே எட்டியது.

எல்லோருக்கும் வாக்குரிமை என்றான பிறகு வேறொரு தடை வந்தது. 1951-52 பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். பெயர் இல்லாமல் யாரையும் பட்டியலில் வைத்திருக்க முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். சொந்தப் பெயரைத் தராத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பெயர் சொல்லத் தொடங்கியதற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணம்.

1962 மக்களவைத் தேர்தலில் ஆண்களில் சுமார் 63 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். பெண்களில் சுமார் 47 சதவீதம்தான். அந்த இடைவெளி மூடப் பல பத்தாண்டுகள் ஆயின. 2019இல்தான் முதல் தடவையாகப் பெண்களின் சதவீதம் ஆண்களுடையதை மயிரிழையில் தாண்டியது. 2024இல் பெண்கள் 65.78, ஆண்கள் 65.55. தமிழ்நாட்டில் 2024 பட்டியலிலேயே பெண்கள்தான் அதிகம்: 3.17 கோடி பெண்கள், 3.06 கோடி ஆண்கள்.

கல்யாணத்துக்குப் பின் காணாமல் போகும் பெயர்

ஓர் ஆணின் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலில் ஏறினால் பெரும்பாலும் அங்கேயே இருந்துவிடும். பெண்ணுக்கு அப்படியில்லை. 18 வயதில் அப்பா வீட்டு முகவரியில் பெயர் சேர்க்கிறாள். சில ஆண்டுகளில் திருமணமாகி வேறு ஊருக்குப் போகிறாள். இந்த ஒரு நகர்வில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

திருமணமான கையோடு புகுந்த வீட்டு முகவரியில் புதிதாகப் படிவம் 6 கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. படிவம் 6 முதல் தடவை பெயர் சேர்ப்பவர்களுக்கு உரியது. ஏற்கெனவே எங்காவது பெயர் இருந்தால் கொடுக்க வேண்டியது படிவம் 8. முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம், அட்டை தொலைந்தால் மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிக்கச் செய்வது ஆகிய நான்குக்கும் 2022 ஆகஸ்ட் முதல் இந்த ஒரே படிவம்தான். பழைய வாக்காளர் அட்டை எண்ணை அதில் எழுத வேண்டும். அந்த எண் மாறாது. பிறந்த ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டுப் புதிய ஊருக்கு வரும். புதிதாகப் படிவம் 6 கொடுத்தால் இரண்டு ஊரிலும் பெயர் இருக்கும். ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். "வேறெங்கும் என் பெயர் இல்லை" என்று பொய்யாக உறுதி கொடுப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தண்டனை வரை போகாவிட்டாலும், இரட்டைப் பதிவுகளைக் களையும்போது எந்தப் பதிவு போகும் என்பது உங்கள் கையில் இருக்காது. வாழும் ஊர்ப் பெயரே போய்விடலாம்.

முகவரிச் சான்று கணவர் பெயரிலும் வீட்டு மின்கட்டணம் மாமனார் பெயரிலும்தானே இருக்கின்றன என்று தயங்க வேண்டாம். ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், மின் கட்டண ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஒன்று போதும். அது உங்கள் பெயரில் இல்லையென்றால், அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள கணவர், பெற்றோர், வயது வந்த பிள்ளை ஆகியோரில் ஒருவர் பெயரில் இருக்கலாம்.

உறவினர் பெயர் எழுதும் இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணமான பெண் கணவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். படிவத்தில் அப்பா, அம்மா, கணவர், மனைவி என்று எல்லா வாய்ப்பும் உண்டு. திருநர்களுக்குக் குரு பெயரும் எழுதலாம். அம்மா பெயரை எழுதிய மகளின் படிவத்தைத் திருப்பித் தர யாருக்கும் அதிகாரமில்லை. கணவரைப் பிரிந்து வாழும் பெண்ணும் தான் இப்போது வசிக்கும் வீட்டில் பெயர் சேர்க்கலாம். விவாகரத்துத் தீர்ப்பு வேண்டியதில்லை, கணவரின் சம்மதமும் வேண்டியதில்லை. சட்டம் பார்ப்பது 'வழக்கமாக வசிக்கும் இடம்' எது என்பதை மட்டும்தான்.

அந்த 'வழக்கமாக வசிக்கும்' என்ற சொல்லைச் சுற்றியும் ஒரு தவறு நடக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கும் மருமகளைப் பற்றி, "அவ ஊர்ல இல்லீங்க" என்று மாமியார் சாதாரணமாகச் சொல்லிவிடுவார். அலுவலர் 'இடம் மாறியவர்' என்று குறித்துக்கொண்டால் பெயர் நீக்கப்படும் வரிசைக்குப் போய்விடும். தற்காலிகமாக வெளியூர் போவதால் ஒருவர் அந்த இடத்தில் வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. "பிரசவத்துக்குப் போயிருக்கா, ரெண்டு மாசத்துல வந்துடுவா" என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் போதும். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. 2002, 2005 ஆண்டுப் பட்டியல்களில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள். பிறந்த ஊரிலேயே இருக்கும் மகனுக்கு அது எளிது. வேறு மாவட்டத்திலிருந்து மணமாகி வந்த மருமகள், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தன் அப்பா வீட்டுப் பகுதிக்கு உரிய பாகம் எண்ணைத் தேட வேண்டியிருந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் பெரும்பகுதி, இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்று குறிக்கப்பட்டவை.

கையில் வாக்காளர் அட்டை இருப்பதால் ஓட்டு இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஓட்டுரிமையைத் தருவது பட்டியல். அட்டை நீங்கள் யார் என்று காட்டும் அடையாளம் மட்டுமே. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். 1950 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். தேர்தல் அறிவித்தபின் அவசரப்படுவதில் பெரிய பலன் இல்லை. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எந்தப் பெயரும் ஏறாது. விண்ணப்பத்தின் மேல் ஆட்சேபணை கேட்க ஒரு வாரம் போகும் என்பதால், அந்த நாளுக்குப் பத்து நாள் முன்பாவது படிவம் போய்ச் சேர வேண்டும். புதிதாக 18 நிறைபவர்களுக்கு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் முடியும். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் பெண், வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ ஏதாவது ஒன்றில் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தை நிராகரித்தாலோ பெயரை நீக்கினாலோ மேல்முறையீடு உண்டு. 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். அங்கும் தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்த புகார் எங்கும் பதிவாவதில்லை.

பூத்துக்குள் நடப்பது

அடையாளத்துக்கு வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற மாற்று ஆவணங்களில் ஒன்று போதும். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. பெண்கள் அதிகம் கொண்டுபோய் ஏமாந்து திரும்புவது இதை வைத்துத்தான். 2019 முதல் பூத் சிலிப்பும் தனி அடையாளமாகச் செல்லாது. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தெரிந்துகொள்ள மட்டும் உதவும். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருப்பது, எழுத்துப்பிழை போன்ற சிறு வேறுபாடுகளுக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. புகைப்படம் அடையாளம் தெரியாத அளவுக்கு இருந்தால் இன்னோர் ஆவணத்தைக் காட்டுங்கள்.

பெண்களுக்குத் தனி வரிசை உண்டு. ஓர் ஆணை உள்ளே விட்டால் இரண்டு பெண்களை விட வேண்டும் என்பது அலுவலர்களுக்கான அறிவுரை. கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு முன்னுரிமை. உள்ளே முதல் அலுவலர் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து உரக்கச் சொல்வார். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிச் சிறு சீட்டு தருவார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். மறைப்புக்குள் பச்சை விளக்கு எரிந்தால் இயந்திரம் தயார். சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். அருகிலுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள் போட்ட சின்னத்தோடு ஒரு சீட்டு 7 நொடி தெரிந்துவிட்டுக் கீழே விழும். பீப் ஒலியும் கேட்கும். அழுத்தியவுடன் திரும்பிவிடாமல் அந்த 7 நொடி நின்று பாருங்கள்.

"அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் கூட வந்து காட்டுறேன்" என்று கணவரோ மகனோ மறைப்புக்குள் வருவதற்கு விதியில் இடமில்லை. பார்வையின்மை அல்லது உடல் இயலாமையால் தானே வாக்களிக்க முடியாதவருக்கு மட்டுமே 18 வயது நிரம்பிய துணை ஒருவரை அனுமதிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதது அதற்குப் போதுமான காரணமில்லை. சின்னம் என்ற ஏற்பாடு வந்ததே எழுத்தறியாதவர்கள் தாமாக வாக்களிக்கத்தான். முதல் தடவை போகும் பாட்டிக்குத் துணையாக உள்ளே போவதைவிட, முந்தைய நாள் மாதிரி வாக்குச்சீட்டில் சின்னங்களின் வரிசையைக் காட்டிப் பழக்கிவிடுவது எவ்வளவோ மேல்.

உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டதாகச் சொன்னால் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். நீங்கள் யார் என்று நிரூபித்தால் டெண்டர் ஓட்டு கேட்கும் உரிமை உண்டு. அது இயந்திரத்தில் விழாது. காகித வாக்குச்சீட்டாக உறையில் தனியே வைக்கப்படும். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் கள்ள ஓட்டு நடந்ததற்கு அதுவே பதிவு. வழக்கு வந்தால் நீதிமன்றம் அதைத் திறக்கச் சொல்ல முடியும்.

வேலை ஒரு தடையா? வாக்குப்பதிவு நாளில் கடை, ஆலை, நிறுவனம் எதுவானாலும் அங்கே வேலை செய்யும் வாக்காளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தினக்கூலிக்காரருக்கும் இது பொருந்தும். பனியன் கம்பெனிகளிலும் பட்டாசுத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு அன்று விடுப்பு தருவது அந்த வீட்டாரின் பொறுப்பு. காலை 7 மணிக்குப் போக முடியாதவர்கள் மாலையில் போகலாம். நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்து, கடைசி ஆள் வரை ஓட்டுப் போட விடுவார்கள். 85 வயதைக் கடந்தவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ இயலாமை உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும்.

மகளிர் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. பெண்களைச் சேர்த்து அழைத்துப்போவது நல்ல காரியம். ஆனால் கட்சி அனுப்பும் வேனில் ஏறாதீர்கள். வேட்பாளர் செலவில் வாக்காளர்களை வாகனத்தில் ஏற்றிப்போவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை. நடந்தோ பேருந்திலோ போங்கள். ஒரு குழு போய்வரும் வரை இன்னொரு குழு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சத்தியமும் ரகசியமும்

ஓட்டுக்குப் பணம் வரும் இடங்களில் அது பெரும்பாலும் வீட்டு ஆணின் கையில்தான் தரப்படுகிறது. பிறகு கற்பூரம் ஏற்றியோ பிள்ளை தலையில் கை வைத்தோ சத்தியம் கேட்பார்கள். பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்திலேயே தன் மனத்துக்கு மாறாக ஓட்டுப் போடும் பெண்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். மிரட்டி வாங்கிய வாக்குறுதி யாரையும் கட்டாது. தெய்வ கோபத்தைச் சொல்லி மிரட்டுவதும் தேர்தல் குற்றம்தான்.

"யாருக்குப் போட்டேன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்ற பேச்சில் எவ்வளவு உண்மை? ஒரு பூத்தில் எந்தச் சின்னத்துக்கு எத்தனை விழுந்தது என்ற கணக்கு வெளியாகும். ஆனால் ஒரு பூத்தில் பல நூறு பேர், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல். பதிவேட்டில் உங்கள் வரிசை எண்ணும் கையெழுத்தும் இருக்கும், சின்னம் இருக்காது. பெட்டியில் விழும் சீட்டில் சின்னம் இருக்கும், பெயர் இருக்காது. கணவர் கேட்டாலும் சொல்ல வேண்டிய கடமை கிடையாது.

எதை வைத்து முடிவு செய்வது

பெண் வேட்பாளருக்கே போட வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் எத்தனை பெண்களுக்கு ஒரு கட்சி இடம் தந்தது, அதில் வெல்லக்கூடிய தொகுதிகள் எத்தனை என்று பார்ப்பது நியாயமான அளவுகோல். 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுக்குத் தேர்வானவர்களில் பெண்கள் 12 பேர். 2024இல் மக்களவையின் 543 பேரில் 74 பேர். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுக்கான அரசமைப்புச் சட்டத்தின் 106ஆவது திருத்தம் 2023இல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன்பின் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனை அதிலேயே எழுதப்பட்டிருந்தது.

பெண்களுக்கான எந்த அறிவிப்பைப் படிக்கும்போதும் அப்படிப்பட்ட நிபந்தனைகளைத் தேடிப் படியுங்கள். 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது. அவ்வளவு முன்னோடியான சட்டத்திலும், 1989 மார்ச் 25க்கு முன்பே திருமணமான மகள்களுக்குப் பங்கில்லை என்ற ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியால் பங்கை இழந்த அக்காக்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள்.

வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் "பெண்களுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டால் "எல்லாம் செய்வோம்மா" என்ற பதில்தான் வரும். அவர் எந்தப் பதவிக்கு நிற்கிறாரோ அதன் அதிகாரத்துக்குள் வரும் ஒன்றைக் கேட்க வேண்டும். தெருவிளக்கும் பொதுக் கழிப்பிடமும் வார்டு உறுப்பினரின் வேலை. இரவு 9 மணிக்கு மேல் பேருந்து இல்லாததைச் சட்டமன்ற வேட்பாளரிடம் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களிலும் வீட்டு வேலையிலும் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் புகார் தர, 2013 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குழு இருக்க வேண்டும். "நம்ம மாவட்டத்துல அந்தக் குழு எங்கே உட்காருது?" என்று கேட்டால், விஷயம் தெரிந்த வேட்பாளர் யார் என்பது தெரிந்துவிடும்.

வேட்பாளரின் மேலுள்ள வழக்குகளைப் பார்க்க மறக்காதீர்கள். மனுவோடு தரும் படிவம் 26 உறுதிமொழியில் நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள் எந்தப் பிரிவில் என்பது உட்பட இருக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அது எல்லோருக்கும் திறந்திருக்கும். குடும்ப வன்முறை, பாலியல் குற்றம் தொடர்பான பிரிவு இருந்தால் அது கண்ணில் படும். வழக்கு உள்ளவர் அதை மூன்று தடவை செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரப்படுத்தவும் வேண்டும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஊராட்சித் தேர்தலில் நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய உறுப்பினர், மாவட்ட உறுப்பினர். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று சீட்டின் நிறம் மாறும். தமிழ்நாட்டு உள்ளாட்சிச் சட்டங்களில் 2016இல் வந்த திருத்தத்துக்குப் பின் உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. அங்கே ஜெயித்த பெண்ணின் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். கிராம சபைக்குத் தலைமை தாங்கவும் காசோலையில் கையெழுத்துப் போடவும் தலைவராகத் தேர்வான அந்தப் பெண்ணுக்கே அதிகாரம் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் கிராம சபையில் கணவர் பேச எழுந்தால், "தலைவர் பேசட்டும்" என்று முன்வரிசையில் உட்கார்ந்து நாலு பெண்கள் சொன்னால் போதும். ஓட்டுப் போட்டு அவரை அனுப்பியவர்கள் என்ற உரிமையில் அதைச் சொல்லலாம்.